டாலி-லைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா: கயல்விழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்விழி,

பழ ஈயின் சிறகு வட்டில் (புழுப் பருவத்தில் இருந்து பின்னர் சிறகாகும் திசு) டாலி-லைக் மரபணுவை நீக்கினால், விங்லெஸ் என்னும் சமிக்ஞைப் புரதம் சுரக்கும் நடுக்கோட்டை ஒட்டி அதன் சமிக்ஞை கூடுகிறது, தள்ளிப் போனால் குறைகிறது. எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும்தான்.

டாலி-லைக் ஒரு கிளைப்பிகன். கொழுப்பு நங்கூரத்தால் செல்லின் வெளிப்புறம் ஒட்டி நிற்கும் புரதம். அதில் ஹெப்பரான் சல்பேட் என்னும் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். அது விங்லெஸ்ஸைப் பிடிக்கும், சமிக்ஞை தராது. அந்த வேலை ஃப்ரிஸில்டு-2 ஏற்பியுடையது. ஏற்பியை ஒப்பிட கிளைப்பிகன் குறைவாக இருந்தால் விங்லெஸ் ஏற்பிக்குக் கைமாறும். மிகுந்தால் கிளைப்பிகனே பதுக்கிக்கொள்ளும். நடுக்கோட்டருகே நடப்பது பதுக்கல், தள்ளி நடப்பது கைமாற்றம். அதனால் நடுக்கோட்டருகே சென்ஸ்லெஸ், தொலைவுக்கு டிஸ்டல்-லெஸ் என, விங்லெஸ் சமிக்ஞை இயக்கும் இரண்டு இலக்கு மரபணுக்களின் புரதங்களையும் சாயமேற்றிப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

செல்லுக்கு வெளியே உள்ள விங்லெஸ்ஸைப் பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வட்டுகளைப் பிரித்தெடுத்து, வேதிப்பொருளால் நிலைப்படுத்தாமல், பனிக்கட்டி மேல் வைத்தே விங்லெஸ்ஸைப் பிடிக்கும் ஆன்டிபாடி சேருங்கள். வழக்கத்தைவிடப் பல மடங்கு செறிவாக. பிறகு குளிர்ந்த பஃபரில் பலமுறை கழுவி, அதற்கப்புறம் 4% பாராஃபார்மால்டிஹைடால் நிலைப்படுத்துங்கள். சூடு ஏறினால் செல் ஆன்டிபாடியை உள்ளே இழுத்துவிடும். செல் சவ்வைத் துளைக்கும் டிடர்ஜென்ட்டை முன்னரே சேர்த்தாலோ, செல்லுக்குள் சுரப்புக்குக் காத்திருக்கும் விங்லெஸ்ஸும் ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும்.

சல்பேட்டின் பங்கைச் செல் வளர்ப்பில் சோதிக்க, சல்பேட் ஏறுவதைத் தடுக்கும் சோடியம் குளோரேட் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். 30 மில்லிமோலார் போட்டால் சவ்வூடு அழுத்தமும் ஏறத்தாழ 60 மில்லிஆஸ்மோல் கூடும். ஆகவே அதே அளவு சோடியம் குளோரைடு போட்ட கிண்ணம் ஒன்று கட்டாயம். 10 மில்லிமோலார் சோடியம் சல்பேட் சேர்த்து விளைவு மீள்கிறதா என்றும் பாருங்கள். மீண்டாலும் அவசரப்படாதீர்கள்: குளோரேட், காண்ட்ராய்ட்டின் சல்பேட் என்னும் வேறு சர்க்கரைச் சங்கிலியிலும் புரதங்களின் டைரோசினிலும் சல்பேட் ஏறுவதைச் சேர்த்தே தடுக்கும். ஹெப்பரான் சல்பேட் சங்கிலியை வெட்டும் ஹெப்பரினேஸ் நொதி கூர்மையானது, ஆனால் கால்சியம் கேட்கும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ பஃபரில் இருந்தால் வேலை செய்யாது. வெட்டு நடந்ததா என்பதை 3ஜி10 ஆன்டிபாடி காட்டும். அது வெட்டிய அடித்துண்டை மட்டுமே பிடிக்கும்.

சர்க்கரையா, புரதமா என்ற கேள்விக்கு, சங்கிலி ஒட்டும் செரின் அமினோ அமிலங்களை அலனினாக மாற்றிய டாலி-லைக்கை மரபணு நீக்கிய ஈயில் திருப்பிக் கொடுங்கள். அது ஓரளவு வேலை செய்தால் வியப்படைய வேண்டாம்: சங்கிலி இல்லாத உட்புரதமே விங்லெஸ்ஸின் கொழுப்புப் பகுதியைப் பொதிந்து வைக்கும்.

அன்புடன்.