கல்லறைக் கல்லில் எழுத வேண்டிய வசனம்

மெஞ்ஞானபுரம்

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய பெரிதான கிருபையால் நான் நலமாயிருக்கிறேன். மெல்போர்னில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நாள்தோறும் ஜெபிக்கிறேன். அம்மாவின் கல்லறைக் கல்லில் எந்த வசனத்தைப் பொறிக்கலாம் என்று சென்ற வாரம் போனில் கேட்டாய். நாற்பத்தொன்பது ஆண்டுகள் அவளோடு வாழ்ந்தவனுக்கு அந்த நேரத்தில் ஒரு வசனமும் நாவில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் 1974இல் நம் பரிசுத்த பவுலின் ஆலயத்தில்தான் திருமணம் செய்துகொண்டோம். மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் காலத்தில் இந்தச் செம்மண் தேரிக்கு நடுவே எழுந்த 192 அடி கோபுரத்தைப் பனங்காட்டுக்கு மேலே தூரத்திலேயே பார்த்துவிட்டதாகவும், பார்த்தவுடன் வாழ்க்கைப்படப் போகும் ஊரைப் பற்றிய பயம் பாதி குறைந்துவிட்டதாகவும் அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். அன்று ஆல்டருக்கு முன்னால் அவள் என் இடப்பக்கம் நின்றாள். அதன்பிறகு அந்த ஆலயத்துக்குள் நாங்கள் ஒரு நாளும் அருகருகே உட்காரவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதே நம் ஊர் வழக்கம். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் அவள் எங்கே இருக்கிறாள் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே அறிவேன். கீர்த்தனையின் கடைசி அடியை எல்லாரும் முடித்த பிறகும் சற்று நீட்டிப் பாடுகிற குரல் அவளுடையது. இப்போது எல்லாரும் ஒன்றாக முடித்துவிடுகிறார்கள், மகளே. அந்த ஒரு கணத்தைத் தாங்குவதுதான் எனக்குக் கடினமாயிருக்கிறது.

நாங்கள் அருகருகே உட்கார்ந்தது வீட்டு ஜெபத்தில்தான். இரவு எட்டு மணிக்குப் பாயை விரித்தால் நான் வேதம் வாசிப்பேன், அவள் ஜெபிப்பாள். வீட்டாரில் தொடங்கி, தெருவில் நோயுற்றவர்களையும் பரீட்சை எழுதும் பிள்ளைகளையும் பெயர் சொல்லி நினைத்து, மிஷனரிகளில் வந்து முடிப்பாள். 2003இல் ஒரே பேராயரின் கீழ் இருந்த நம் திருமண்டலம் இரண்டாகப் பிரிந்தபோது ஊரில் பலருக்கும் மனக்கலக்கம் இருந்தது. அவளோ இனி இரண்டு பேராயர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒரு வரியைக் கூட்டிக்கொண்டாள். உலை வைக்கும்போதெல்லாம் மிஷனரி ஊழியத்துக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைப்பாளே, நினைவிருக்கிறதா? 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டு, நம்மவர்கள் தெலுங்கு நாட்டுக்கு ஊழியத்துக்குப் போனதை அவளுக்கு அவள் ஆச்சி சொல்லியிருக்கிறார்கள். தான் ஒருபோதும் பார்க்கப் போகாத ஊர்களுக்குத் தன் கைப்பிடி போகிறது என்பதில் அவளுக்கு அப்படியொரு நிறைவு. இப்போது எனக்கு மட்டும் பொங்கும் அரிசியிலிருந்தும் ஒரு பிடி எடுத்து வைக்கிறேன். என் கை அவள் கையைவிடப் பெரியது. ஆனாலும் பானை மெதுவாகத்தான் நிறைகிறது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, சபைத் தேர்தலில் எழுந்த ஒரு மனத்தாங்கலால் நான் ஒன்பது மாதம் கோயிலுக்குப் போகாமல் இருந்தேன். யார்மேல் குறை என்று சொல்ல இன்று எனக்கு மனமில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று உன்னிடம் சொல்லி, உன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் தனியாகப் போவாள். வா என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சபையார் மாதந்தோறும் கட்டும் சங்கக் காணிக்கையில் என் பெயருக்குரியதை ஒரு மாதமும் தவறாமல் கட்டிவந்திருக்கிறாள் என்பது, நான் திரும்பிச் சென்ற பிறகு இரசீதுகளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டு ஜெபத்துக்கு மட்டும் இரண்டு பேர் உட்காரும்படியே பாயை விரிப்பாள். பல இரவுகள் அவள் பக்கத்தில் என் இடம் வெறுமையாகவே இருந்தது.

நீ கேட்ட பிறகு அவளுடைய வேதாகமத்தை எடுத்து ஓரங்களில் அவள் எழுதிய தேதிகளைப் பார்த்தேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைத்த, புத்தாண்டுக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளையெல்லாம் அந்தந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். நீ பிறந்த நாள், நீ விமானம் ஏறிய நாள், எனக்குக் கண் அறுவை நடந்த நாள் என்று எல்லாம் இருந்தன. ஏசாயாவில் ஓர் இடத்தில் 4-3-1990 என்றும், அருகில் என் பெயரின் முதல் எழுத்தும் இருந்தன. அது தவக்காலமாகிய லெந்து நாட்களின் முதல் ஞாயிறு; நான் மீண்டும் ஆலயத்துக்குள் கால் வைத்த நாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன்.

அந்த வசனத்தைக் கல்லில் பொறிக்க வேண்டாம். அது அவளுக்கும் எனக்கும் உரியது. 121ஆம் சங்கீதத்தின் தொடக்கம் போதும் என்று நினைக்கிறேன். ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுப்பதாக முதல் வசனமும், அந்த ஒத்தாசை கர்த்தரிடத்திலிருந்து வரும் என்று அடுத்த வசனமும் சொல்கின்றன. சிறுமியாக இருக்கையில், நம் ஊரில் மலையே இல்லையே, எதைப் பார்ப்பது என்று நீ அவளைக் கேட்டாய். அடுத்த வசனத்தையும் படி என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள். ஆகவே இரண்டு வசனங்களையும் சேர்த்தே பொறிக்கலாம்.

கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு அருகே எனக்கும் இடம் கேட்டிருக்கிறேன். அங்கே ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்பது இல்லை. இதைப் படித்து நீ கலங்க வேண்டாம்; நான் திடமாகவே இருக்கிறேன். கல் வேலை செய்பவர் வியாழக்கிழமை அளவெடுக்க வருகிறார். அதற்குள் உன் சம்மதத்தைச் சொல்.

அன்புள்ள,
அப்பா