அப்புறம் என்ன ஆச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் தினமும் வரும் தொழில்நுட்பப் பெட்டிச் செய்தியை நான் ஒரு நாள் விடாமல் படிக்கிறவன். ஏழெட்டுத் துண்டுச் செய்திகள், புதிதாக வந்த ஒரு போனின் படம், கடைசியில் இணையத்தில் எதைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள் என்று நாலு வரி. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்குப் பிடித்த பகுதி, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். குறை ஒன்றுதான். உங்கள் பெட்டியில் எந்தச் செய்திக்கும் முதல் நாள் மட்டும்தான் இருக்கிறது. மறுநாளோ மறுமாதமோ அது என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

2024 ஜூலை 19 உங்களுக்கு நினைவிருக்கும். விமான நிலையம், வங்கி, மருத்துவமனை என்று உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிக்கொண்டு நின்றன. மறுநாள் உங்கள் தலைப்பு 'மைக்ரோசாஃப்ட் முடங்கியது: சைபர் தாக்குதலா?' விழுந்தது விண்டோஸ் கணினிகள்தான், சரி. ஆனால் தள்ளிவிட்டது கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட். தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. வேலி பயிரை மேயக்கூட இல்லை, பயிர் மேலேயே சாய்ந்து விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வந்த விவரங்கள்தான் சுவாரசியம், அவை எதுவும் உங்கள் பெட்டிக்குள் வரவில்லை. அந்த அப்டேட்டை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்திருந்தன என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு, அது மொத்த விண்டோஸ் கணினிகளில் ஒரு சதவீதம்கூட இல்லை. பிறகு எப்படி உலகமே நின்ற மாதிரி இருந்தது என்றால், அந்த மென்பொருளை வாங்கி வைத்திருப்பவர்கள் விமான நிறுவனம், வங்கி மாதிரி பெரிய இடங்கள். நம் வீட்டுக் கணினியில் அது இருக்காது. சரி, 78 நிமிடத்தில் தப்பைத் திருத்தியாகிவிட்டதே, ஏன் நாள் கணக்கில் இழுத்தது? கணினி முழுதாகக் கண் திறப்பதற்குள்ளேயே விழுந்துவிடுகிறது, அதனால் பெரும்பாலானவற்றுக்கு இணையம் வழியாகத் திருத்தத்தை அனுப்ப வழியில்லை, யாராவது ஒருவர் கணினி முன்னால் போய் உட்கார்ந்து சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலையில்) திறந்து அந்த ஒரு ஃபைலைத் தேடி அழிக்க வேண்டும், டிஸ்க் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் கையால் தட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான கணினிகள் இருக்கும் அலுவலகத்தில் இதை நினைத்துப் பாருங்கள். டெல்டா விமான நிறுவனம் மட்டும் ஐந்து நாளில் ஏறக்குறைய 7,000 விமானங்களை ரத்து செய்தது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமே காரணத்தை அறிக்கையாக வெளியிட்டது. அவர்களுடைய மென்பொருளுக்கு 20 விவரங்கள்தான் கொடுக்கப்பட்டிருந்தன. புதிதாக வந்த ஃபைல் 21-வதையும் பார் என்றது. இல்லாத இடத்தில் போய்ப் படிக்கப் பார்த்து அது விழுந்தது, விண்டோஸின் அடிமடியிலேயே ஓடுகிற மென்பொருள் என்பதால் மொத்தக் கணினியையும் கூடவே இழுத்துக்கொண்டு விழுந்தது. எண்ணுவதில் ஒன்று தப்பியதுதான் மொத்தக் கதையும்! பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்படி ஐந்து வரியில் சொல்லியிருக்கலாம். அந்த வாரம் உங்கள் பெட்டியில் மடக்குப் போன்கள் இருந்தன.

அதற்கு முந்தைய வருடம், 2023 ஜூலை கடைசியில், எல்கே-99 வந்தது. மின்தடையே இல்லாத பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். இதுவரை தெரிந்தவற்றுக்குக் கடும் குளிர் வேண்டும், இல்லையென்றால் பயங்கர அழுத்தம் வேண்டும். தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர் ஈயம், தாமிரம், பாஸ்பரஸ், ஆக்சிஜன் கலந்த ஒரு பொருள் சாதாரண அறை வெப்பநிலையிலேயே அப்படி நடந்துகொள்கிறது என்று அறிவித்தார்கள். நீங்கள் 'மின்சார உலகம் தலைகீழாகப் போகிறது' என்று போட்டீர்கள். செய்முறை எளிது என்பதால் ஆய்வகங்களோடு ஆர்வக்கோளாறுகளும் செய்து பார்த்து, மீக்கடத்தி காந்தத்தின் மேல் மிதக்கும் என்பதால், காந்தத்தின் மேல் ஒரு கரித்துண்டு மாதிரி எதுவோ ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும் வீடியோக்களைப் போட ஆரம்பித்தார்கள். நானும் ராத்திரி ஒரு மணி வரை பார்த்தேன், பொய் சொல்வானேன்.

ஆகஸ்ட் நடுவில் குட்டு உடைந்துவிட்டது. மின்தடை திடீரென்று சரிகிறது என்று அவர்கள் காட்டிய இடம் 104 டிகிரி செல்சியஸுக்குப் பக்கம். அந்தப் பொருளைச் செய்யும்போது கூடவே உண்டாகும் காப்பர் சல்பைடு என்ற அசுத்தம் ஏறக்குறைய அதே வெப்பநிலையில்தான் அமைப்பு மாறும், மாறும்போது அதன் மின்தடை மளமளவென்று இறங்கும். ஒரு வேதியியலாளர் அந்த எண்ணைப் பார்த்ததுமே இதைச் சொல்லிவிட்டார். அப்புறம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் அசுத்தம் இல்லாத படிகத்தையே வளர்த்துப் பார்த்தார்கள், மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதை விடுங்கள், அது கடத்தவே மறுக்கிற ரகமாக இருந்தது. அறிவியல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல துப்பறியும் கதை கிடைக்காது. உங்கள் வாசகர்களில் எத்தனையோ பேர் இன்றும் கொரியாக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

2024 டிசம்பரில் வந்த கூகுளின் வில்லோ குவாண்டம் சிப்பும் இதே ரகம். பெரிய கணக்கு ஒன்றை ஐந்து நிமிடத்தில் முடித்தது என்று போட்டீர்கள். அது முடித்த கணக்கு, சிப்பைச் சோதிப்பதற்கென்றே வைத்திருக்கும், வேறு எதற்கும் உதவாத கணக்கு என்பதைப் போடவில்லை. அதிலிருக்கும் 105 க்யூபிட்டை (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) வைத்து யாருடைய வங்கிக் கணக்கையும் உடைக்க முடியாது. இதை இத்தோடு விடுகிறேன்.

எங்கள் வீட்டில் சேதம் பண்ணிய செய்தி வேறு. 2025 ஜூனில் '1,600 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன, கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் எதுவும் தப்பவில்லை' என்று பெட்டியின் உச்சியில் வந்தது. சித்தப்பா காலையிலேயே போன் பண்ணினார், "பேப்பர்லயே போட்டுட்டாங்கடா, எல்லாத்தையும் மாத்திடப் போறேன்" என்று. ஒரே மூச்சில் பன்னிரண்டு பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டார். எதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு வாரத்தில் அவர் மின்னஞ்சலுக்குள் அவராலேயே போக முடியவில்லை. உண்மையில் அந்த நிறுவனங்களுக்குள் யாரும் நுழையவில்லை. பல காலமாகப் பலருடைய கணினிகளில் புகுந்து தகவல் திருடும் வைரஸ்கள் சேர்த்ததையும் பழைய கசிவுகளையும் ஒன்றாகக் கொட்டிய குவியல் அது, ஒரே ஆள் பலமுறை வருவார். இரண்டு நாளிலேயே பாதுகாப்பு வல்லுநர்கள் இதை விளக்கிவிட்டார்கள். பாஸ்வேர்டு மாற்றுவது தப்பில்லை, ஆனால் இரண்டாவது அடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் எண்ணையும் கேட்பது மாதிரி) போடுங்கள் என்ற ஒரு வரியாவது நீங்கள் சேர்த்திருந்தால் சித்தப்பா பன்னிரண்டு இடத்தில் கை வைத்திருக்க மாட்டார்.

எதுவும் உடையாமல் தப்பித்ததால் பெட்டிக்குள்ளேயே வராமல் போன செய்தியும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவது ஏன் என்று குடைந்ததில் கிடைத்ததை வெளியே சொன்னார். எக்ஸ்இசட் என்ற, ஃபைலைச் சுருக்கும் சின்ன மென்பொருளில் யாரோ பின்கதவு, அதாவது யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைய ரகசிய வழி, வைத்திருந்தார்கள். அதைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொண்டிருந்தவர் ஏறக்குறைய ஒரே ஆள். அவருக்கு உதவுகிறேன் என்று ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கை பெற்று, அப்புறம்தான் வேலையைக் காட்டினார். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று இன்றுவரை தெரியாது. சோதனைப் பதிப்புகளைத் தாண்டிப் பரவியிருந்தால் உலகத்தின் ஏராளமான சர்வர்களுக்கு அவர் கையில் சாவி இருந்திருக்கும். அரை நொடியை ஒருவர் பொறுத்துக்கொள்ளாததால் தப்பித்தோம்.

உங்களிடம் இடம் கிடையாது என்பது தெரியும். தினமும் வேண்டாம், சனிக்கிழமை மட்டும் போனின் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழைய செய்தி ஒன்றுக்கு 'அப்புறம் என்ன ஆச்சு' என்று பத்து வரி போடுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இன்னொன்று. நேற்றைய பெட்டியில் அந்த போனுக்கு 256 ஜிபி ராம் என்று போட்டிருக்கிறீர்கள். அது ஸ்டோரேஜ், படமும் வீடியோவும் சேமிக்கும் இடம்.

இப்படிக்கு,
தினமும் படிக்கும் வாசகன்