மரம் விழுந்த அன்று வந்து நின்ற எல்லோருக்கும்

நங்கநல்லூர்,
மார்ச் 2024

எங்கள் தெருக்காரர்களுக்கும், மாநகராட்சி ஊழியர்களுக்கும், மின்வாரிய லைன்மேன் இருவருக்கும், பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை டிசம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். சுவர் எழும்பட்டும், கேட் மாட்டட்டும், பிறகு நிம்மதியாக உட்கார்ந்து எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன வாரம்தான் கொத்தனார் கடைசிப் பூச்சு முடித்துக் கொடுத்தார். இனியும் தாமதித்தால் அது நன்றி மறந்த செயல்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை திங்கள் விடிந்தும் விடவில்லை. மிக்ஜாம் புயல் 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம்தான் கரையைக் கடந்தது. ஆனால் போகிற வழியில் சென்னையை அது படுத்திய பாடு எல்லோருக்கும் தெரியும். திங்கள் விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். முதலில் ஒரு நீளமான முறிவுச் சத்தம். அடுத்த நொடி வீடே குலுங்கியது. பக்கத்து வீட்டு மயில்கொன்றை வேரோடு சாய்ந்து எங்கள் காம்பவுண்டு சுவரை உடைத்து, என் மாமியார் படுத்திருந்த அறையின் சன்ஷேடு மேல் விழுந்திருந்தது. ஒரு கிளை ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியும் பிளந்து போனது.

அவருக்கு 84 வயது. எழுந்து நடக்க முடியாது. இருட்டில் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் "என்னம்மா சத்தம்?" என்று கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். மாடியில் குடியிருக்கும் தம்பியும் அவர் மனைவியும் நான் கூப்பிடுவதற்கு முன்பே இறங்கி ஓடி வந்தார்கள். போர்வையோடு அவரைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய், தங்கள் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, அடுத்த பதினொரு நாள் இருவரும் தரையில் படுத்தார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் என்ற சொல்லை அன்றிலிருந்து நான் உபயோகிப்பதில்லை. தம்பி, தங்கச்சி, உங்கள் இருவருக்கும்தான் முதல் நன்றி.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரையும் மரம் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. வாசலில் முழங்கால் தண்ணீர். கரண்ட்டை முந்தின ராத்திரியே நிறுத்திவிட்டார்கள், பயமில்லை என்று நினைத்து நான் வெளியே கால் வைக்கப் போனேன். எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து போட்ட சத்தத்தில்தான் நின்றேன். "டீச்சர், இறங்காதீங்க! யார் வீட்டு இன்வெர்ட்டர் எப்படி ஓடுதோ, வயர் தண்ணியில கிடக்கு!" அக்கா, அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். மதியத்துக்கு மேல் லைன்மேன் இருவர் இடுப்பளவு தண்ணீரில் தெருமுனையிலிருந்து நடந்து வந்தார்கள். கம்பத்தில் எங்கள் இணைப்பைத் துண்டித்து, அறுந்த வயரைச் சுருட்டி வைத்து, இனி நடமாடலாம் என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களே உள்ளே வந்தார்கள். காபி தரக்கூட அன்று வீட்டில் பால் இல்லை. இன்னும் நாலு தெரு பாக்கி என்று கிளம்பிவிட்டார்கள்.

அடுத்து நான் சொல்ல வேண்டியது, எங்கள் தெருவிலேயே இருக்கும், பொதுக் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சாரைப் பற்றி. பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். தெருப் பையன்கள் அரிவாளோடு வந்து கிளைகளை வெட்டத் தொடங்கியபோது அவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து தடுத்தார். "கதவை மறைக்கிறதை மட்டும் எடுங்க. மீதியை யாரும் தொடாதீங்க, முதல்ல போட்டோ." எனக்கு அப்போது அது புரியவில்லை. வீடு இந்த நிலைமையில் கிடக்கிறது, போட்டோ எதற்கு என்று மனதுக்குள் எரிச்சல்கூட வந்தது. மாடித் தம்பியின் போனில் இருந்த கொஞ்ச சார்ஜில், சார் கை காட்டக் காட்ட அந்தத் தம்பி அறுபதுக்கு மேல் படம் எடுத்தார். வேர் எந்த இடத்தில் பெயர்ந்திருக்கிறது, தண்டு எங்கே சுவரில் படிந்திருக்கிறது, சன்ஷேடில் விரிசல் எப்படி ஓடுகிறது, அறைக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஒவ்வொன்றும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. படம் எடுத்து முடித்ததும் அடுத்த வேலை: ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டச் சொன்னார். மேற்கொண்டு சேதம் ஆகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரர் கடமையாம். அதற்கு வாங்கிய கயிற்றின் பில்லைக்கூட எடுத்து வைக்கச் சொன்னார். உடைந்த தொட்டியையும் ஜன்னல் சட்டத்தையும், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் வரை பழைய சாமான்காரரிடம் போடக் கூடாது என்றார்.

மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு லைன் கிடைக்கவே செவ்வாய் ஆகிவிட்டது. புதன் காலை மாநகராட்சி ஆட்கள் பவர் ரம்பத்தோடு வந்தார்கள். அவர்களோடு வெளியூர் நகராட்சி ஒன்றிலிருந்து அனுப்பப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் ஆறு பேர். தெருவில் கிடந்ததை வெட்டி அள்ளுவதுதான் அவர்கள் வேலை. காம்பவுண்டுக்குள் கிடப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. அப்படியிருந்தும், கட்டிலில் படுத்திருக்கும் பாட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, சன்ஷேடு மேல் தொங்கிக்கொண்டிருந்த பெரிய கிளையைக் கயிறு கட்டிப் பத்திரமாக இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒரு அம்மாவின் காலில் செருப்பில்லை. தண்ணீரில் போய்விட்டது என்றார். என் செருப்பைக் கொடுத்தேன், போட்டுக்கொண்டு சிரித்தார். எந்த ஊர் என்று கேட்கத் தோன்றவில்லையே என்று இன்றும் வருத்தம்.

இனி, உண்மையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயத்துக்கு வருகிறேன். அது மரமும் இல்லை, சுவரும் இல்லை. பக்கத்து வீட்டு மாமா.

நாங்கள் 1991-லிருந்து அண்டை வீடு. அந்த மரத்தை அவர் கையால் வைத்தவர். மே மாதத்தில் எங்கள் மொட்டை மாடி முழுக்கச் சிவப்பாக உதிரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோதுகூட ஒரு கிளை முறிந்ததோடு தப்பித்த மரம். வேர் ஆழமாகப் போகாத சாதி அது. இரண்டு நாள் மழையில் மண் குழைந்து போக, எங்கள் பக்கம் சாய்ந்திருந்த கிளைப் பாரத்தை அந்த வேரால் தாங்க முடியவில்லை. திங்கள் சாயந்தரமே மாமா வந்து வாசலில் நின்று கைகூப்பினார். 78 வயசு மனிதர். "எவ்வளவு ஆனாலும் நான் கொடுத்துடறேன்மா" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் பென்ஷன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை போன் உயிர் வந்ததும் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். மாடி கட்ட வாங்கிய வங்கிக் கடனோடு வந்த பாலிசி, வருடா வருடம் புதுப்பித்து வந்தது. எடுத்துப் பேசியவர் விவரம் கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்டு மரம்னா நீங்க அவங்ககிட்டதான் மேடம் கேட்கணும்" என்று முடித்துக்கொண்டார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். கையிருப்பும் தெரியும், செலவும் தெரியும். மாமாவிடம் பணம் கேட்பதா, வீட்டை அப்படியே போட்டு வைப்பதா என்ற இரண்டு வழிதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அன்று ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சார் என் பாலிசிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரி வரியாக வாசித்தார். அது பாரத் கிரஹ ரக்‌ஷா. 2021 ஏப்ரல் 1 முதல், வீடுகளுக்கான தீக் காப்பீட்டில் இந்த ஒரே மாதிரி வாசகம் கொண்ட பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி வைத்ததாம். புயலும் வெள்ளமும் அதிலேயே அடக்கம். அதற்குக் கீழே வெளிப்பொருள் மோதிச் சேதமாவதற்கு ஒரு வரி. வாகனம், விமானம், சுவர் என்று உதாரணம் சொல்லும் இடத்தில், விழும் மரம் என்றே அச்சிட்டிருக்கிறது. சார் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "யார் வீட்டு மரம்னு இதுல கேள்வியே இல்லை டீச்சர். சேதமானது உங்க வீடு, பணம் கட்டினது நீங்க, கொடுக்க வேண்டியது கம்பெனி." காம்பவுண்டு சுவர், கேட், பதித்து வைத்த தண்ணீர்த் தொட்டி எல்லாமே கட்டடம் என்ற சொல்லுக்குள் வருகிறது. வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே காப்பீடு உண்டு. நனைந்து போன மெத்தையையும் அலமாரியையும் சேர்த்தே எழுதச் சொன்னார்.

மாமாவைப் பற்றியும் அவர்தான் தெளிவாகச் சொன்னார். பட்டுப்போன மரத்தை, விழும் என்று நாலு பேர் எச்சரித்த பிறகும் விட்டு வைத்திருந்தால் அது அலட்சியம். அப்போது உடையவரைக் கேட்கலாம், காப்பீட்டு நிறுவனமே நமக்குக் கொடுத்ததை அவரிடம் கேட்கவும் இடமுண்டு. நன்றாகப் பூத்துக் காய்த்துக்கொண்டிருந்த மரம் புயலில் சாய்ந்தால் அதற்கு அவர் என்ன செய்வார்? இதைச் சொல்லிவிட்டு சார் அதோடு விடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு, "வாங்க, அந்த மனுஷனும் தூங்கட்டும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அவரிடம் இன்னொரு முறை பொறுமையாகச் சொன்னார். மாமா ஒன்றும் பேசவில்லை. மாமி உள்ளே போய் இருந்த ரவையில் உப்புமா கிளறிக்கொண்டு வந்தார். மூன்று நாளில் அன்றுதான் சூடாகச் சாப்பிட்டேன்.

சார், நீங்கள் வரவில்லையென்றால் முப்பது வருட அண்டை வீட்டு உறவு ஒரு போன் பேச்சில் முறிந்திருக்கும். இதற்கு எப்படி நன்றி சொல்வது?

மறுநாள் அவர் சொன்னபடி இமெயிலில் எழுத்துமூலமாகத் தெரிவித்தேன், கிளெய்ம் எண் கேட்டு வாங்கினேன். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையிலேயே காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது என்றும் சொல்லி வைத்திருந்தார். அதற்குத் தேவை வரவில்லை. அதே நிறுவனத்தில் இமெயிலைப் பார்த்த ஒரு பெண் தானே கூப்பிட்டு, முதலில் தவறாகச் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்து, சனிக்கிழமையே சர்வேயரை அனுப்பினார். அவருக்கும் நன்றி. சர்வேயர் டேப் வைத்து அளந்து, படங்களைப் பார்த்து, கொத்தனார் எஸ்டிமேட்டை வரிக்கு வரி சரிபார்த்தார். வடக்குச் சுவரில் இருந்த பழைய விரிசல் மரத்தால் வந்ததல்ல என்று கழித்தார். அது நியாயம், எனக்கும் தெரிந்த விரிசல்தான்.

சேதத்துக்கு 2,60,000 ரூபாய் வந்தது. இடிபாடுகளை அகற்ற கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரைதான் உண்டு, அது 5,200. எங்கள் காம்பவுண்டுக்குள் கிடந்த தண்டை அறுத்து ஏற்றி அனுப்ப ஆனதோ 14,000. பாக்கி 8,800-ஐ மாமா ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து, "இதையாவது வாங்கிக்கோம்மா" என்றார். வாங்கிக்கொண்டேன். மறுத்திருந்தால் அவருக்கு மனசு ஆறியிருக்காது. என் ஸ்கூட்டர் நசுங்கியதற்கு மட்டும் வழியில்லை. அது வேறு பாலிசி, நம் வண்டியால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தேன். கூலி வாங்காமல் பாகங்களுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்ட மெக்கானிக் தம்பிக்கு என் நன்றி.

இந்த மடலைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி உங்கள் வீட்டுப் பாலிசியை எடுத்து ஒருமுறை படியுங்கள். கட்டடத் தொகை என்பது மனை விலை இல்லை, திரும்பக் கட்ட ஆகும் செலவு. மாடி எழுப்பியவர்கள் சதுர அடியைத் திருத்திக் கொடுத்திருக்கிறீர்களா பாருங்கள். புரியாவிட்டால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சார் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் உங்களுக்குச் சொல்லித் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. அந்த வாரத்தில் வந்து சேர்ந்த சில சாமான்கள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன: நீலத் தார்ப்பாய் ஒன்று, கடப்பாரை ஒன்று, பச்சை பிளாஸ்டிக் குடம் இரண்டு, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று. தூக்கில் ரசம் வந்தது. யார் கொடுத்தனுப்பியது என்று கேட்டுப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன். உங்களுடையது என்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வந்தால் காபி சாப்பிடாமல் போகக் கூடாது.

அன்புடன்,
மயில்கொன்றை வீட்டுக்குப் பக்கத்து வீட்டு டீச்சர்