குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், வந்திருக்கும் வார்டு மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் தொடர்பாகத் திருப்பூர் மாநகராட்சிக்கு அனுப்பிய மனுக்களும் வந்த பதில்களும் கோப்பில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் யாரும் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்தின் சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் முதல் வேலையாகத் தீர்மானித்தது தடுப்பூசி என்பதால் இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

ஊசியே வேண்டாம் என்கிற வீடு நம் தெருக்களில் அரிது. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளைப் பெரும்பாலும் போட்டுவிடுகிறார்கள். அப்போது தாய் வீட்டில்தான் இருக்கிறார். ஒன்பதாம் மாத ஊசிக்கும் பாட்டிமார் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அடுத்தது 16 முதல் 24 மாதத்துக்குள். இடையில் குறைந்தது ஏழு மாத இடைவெளி; அதற்குள் தாய் பனியன் கம்பெனிக்குத் திரும்பியிருப்பார். ஊசி போடும் நாளோ புதன்கிழமை. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அரைநாள் போனால் அரைநாள் கூலி போயிற்று. அதனால் விடுபடுவது ஒன்றரை வயசு ஊசியும் அஞ்சு வயசு ஊசியும்தான்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2015–16இல் 69.7 சதவீதம், 2019–21இல் 89.2 சதவீதம். நல்ல முன்னேற்றம். ஆனால் அந்த ‘முழு’ என்ற கணக்கில் காசநோய்க்கான பிசிஜி, மூன்று போலியோ, மூன்று முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி), ஒரு தட்டம்மை ஊசி மட்டுமே அடக்கம். ஒன்றரை வயசில் போடும் இரண்டாம் தட்டம்மை ஊசி அதில் இல்லை. நம் ஓட்டையோ சரியாக அங்கேதான் இருக்கிறது. முதல் தட்டம்மை ஊசி போடும் ஒன்பதாம் மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி சில குழந்தைகளிடம் மிச்சமிருக்கும். அது ஊசி மருந்தை வேலை செய்யவிடாது. நூற்றுக்குச் சுமார் 15 குழந்தைகளுக்கு முதல் ஊசி பிடிப்பதில்லை. இரண்டாவது ஊசி அவர்களுக்காகத்தான். மணல்வாரி எனப்படும் தட்டம்மை பரவாமலிருக்க நூற்றுக்கு 95 பேராவது இரண்டும் போட்டிருக்க வேண்டும்.

எனவே சங்கம் எடுத்துக்கொண்டது பிரச்சாரத்தை அல்ல, அட்டை பார்க்கும் வேலையை. கம்பெனி விடுமுறையான ஞாயிறு காலையில், அங்கன்வாடி டீச்சர் உதவியோடு, தாய் சேய் நல அட்டையைத் தேதி தேதியாகப் பார்த்தோம். முதலில் பிறந்த தேதி, பிறகு கடைசியாகப் போட்ட ஊசியின் தேதி, அதன்பின் இரண்டு ஊசிகளுக்கு நடுவே 28 நாள் இருக்கிறதா என்பது. பென்சிலில் குறித்த தேதி ‘வரச் சொன்ன’ தேதி. பேனாவில் எழுதியதுதான் ‘போட்ட’ தேதி. பல வீடுகளில் பென்சில் தேதியைக் காட்டி “போட்டாச்சு” என்கிறார்கள். தனியார் மருத்துவமனை அட்டையில் ஆறு நோய்க்கு ஒரே ஊசி என்று இருந்தால் ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட்டும் போலியோ ஊசியும் அதிலேயே அடக்கம். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) என்றிருந்தால் தட்டம்மை–ரூபெல்லாவும் போட்ட கணக்கு.

தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை–ரூபெல்லா 5 வயது வரை, முத்தடுப்பு 7 வயது வரை போடலாம். அதற்கு மேல் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டிடி (Td). இன்னும் நெருக்கமான வரம்பு உள்ளது வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்துக்கு: முதல் டோஸ் ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். பிசிஜிக்கும் ஒரு வயதே எல்லை. தழும்பு விழவில்லை என்று பிசிஜியை மறுபடி கேட்க வேண்டாம்.

அட்டை தொலைந்தவர்களுக்கு யூ-வின் என்ற அரசின் இணையத் தடுப்பூசிப் பதிவு கைகொடுக்கும், பதிவு செய்த மொபைல் எண் உயிரோடிருந்தால். ரீசார்ஜ் செய்யாமல் சிம் போய்விடுவதுதான் இங்கே தலைவலி. ஒடிசா, பீகார் குடும்பங்களிடம் இது அதிகம். எண்ணை மாற்றினால் செவிலியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.

புதன்கிழமைச் சிக்கல் ஒன்று. தட்டம்மை–ரூபெல்லா தூளைக் கரைத்தால் நான்கு மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். பென்டாவேலன்ட் குப்பியைப் போல 28 நாள் வைத்திருக்க முடியாது. ஒரே குழந்தை வந்தால் “அடுத்த வாரம் வாங்க” என்று திருப்பி அனுப்புவது அதனால்தான் நடக்கிறது. ஒரு குழந்தைக்காகவும் திறக்கலாம் என்பதே முறை. ஆனாலும் வாக்குவாதம் செய்வதைவிட, செவ்வாய் மாலையே வரப்போகும் குழந்தைகளின் பட்டியலை நகர்ப்புற சுகாதார செவிலியருக்கு அனுப்பிவிடுவது பலன் தந்தது. நான்கு பேர் வருவார்கள் என்று தெரிந்தால் தயக்கமே எழுவதில்லை.

சளி, லேசான காய்ச்சல், பல் முளைப்பது இவையெல்லாம் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமல்ல. முன்பு போட்ட அதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஒன்றரை வயசு ஊசியில் தொடை வீங்கி ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். ஈரத்துணி வைக்கலாம், தேய்க்கக் கூடாது. பாராசிட்டமால் கொடுக்கும்போதுதான் ஆபத்தான குழப்பம் வருகிறது. சொட்டு மருந்து பாட்டிலில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் கூடாது: சொட்டில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250இல் 3 மில்லி. சொட்டு பாட்டிலிலிருந்து சிரப் கணக்கில் 5 மில்லி ஊற்றினால் 500 ஆகிவிடும். பாட்டிலில் இருப்பதைப் படிக்காமல் கொடுக்காதீர்கள்.

தட்டம்மை ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் சில குழந்தைகளுக்கு லேசான காய்ச்சலும் தடிப்பும் வரும், தானே போய்விடும். அதை அம்மை என்று நினைத்து வேப்பிலை செருகிவிட்டு அடுத்த ஊசிக்கு வராமல் இருப்பவர்கள் உண்டு. வேப்பிலையோடு நமக்குச் சண்டை இல்லை. அட்டையில் தேதியை மட்டும் பாருங்கள். 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகள் இன்னும் சில போன்களில் கிடக்கின்றன. அவற்றுக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்கவில்லை. அந்த வீடுகளுக்குச் செவிலியரையே அழைத்துப் போனோம்.

பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் டிடியைப் பள்ளியில் போட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்போடு நின்று செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு இரண்டாவது விடுபடுகிறது. அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாய்க்கடி பற்றியும் உறுப்பினர்கள் கேட்டிருந்தீர்கள். காயத்தைக் குழாய் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் கூடாது. அரசு மருத்துவமனையில் 0, 3, 7, 28ஆம் நாள் ஊசி. காயம் ஆறிவிட்டது என்று 28ஆம் நாளை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, மாதத்தின் முதல் ஞாயிறு காலை 9 மணிக்குச் சமுதாயக்கூடத்தில் அட்டை பார்ப்பது தொடரும். இரண்டு, ஒன்றரை வயசு ஊசிக்குப் புதன்கிழமை அரைநாள் சம்பளத்தோடு அனுமதி தரும்படி சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுப்பது. முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயர்களைத் தலைவர் கேட்பார்.

இப்படிக்கு,
செயலாளர்