நிலை வைப்பதற்கு முன்னால் படித்துவிடு

தம்பி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிளானை அப்பா பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வந்தார், நானும் ஸ்கேலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடவே அனுப்பிய சாமான் பட்டியலில் பேசினால் எரிகிற விளக்கு, தானாக மூடும் திரை, கைரேகைப் பூட்டு எல்லாம் இருக்க, பாத்ரூம் கதவு மட்டும் இரண்டரை அடி. போனில் சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். அந்தச் சாமான்களை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், நாலைந்து வருடத்தில் அவையே பழசாகிவிடும். சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போகிறவற்றுக்கு முதலில் பணத்தை ஒதுக்கு.

இரண்டரை அடி என்றால், சட்டமும் கதவின் கனமும் போக நுழைய இரண்டடிதான் மிஞ்சும். சாதாரண வீல்சேரே அதற்கு மேல் இரண்டு அங்குலம் வரும். அப்பத்தா இடுப்பு எலும்பு முறிந்து வீட்டுக்கு வந்தபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். வீல்சேர் பாத்ரூம் வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றி, நானும் அப்பாவும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி, ஒரே ஒரு அங்குல மேட்டைத் தாண்டி உள்ளே வைப்போம். ஈர டைல்ஸில் நாற்காலிக் கால் வழுக்கும்போதெல்லாம் அப்பத்தா என் முந்தானையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆகவே கீழ் ரூம் பாத்ரூமுக்கு, சட்டம் போக மூன்றடி வழி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், இல்லையென்றால் ஸ்லைடிங் போடு. உள்ளே யாராவது விழுந்தால் உள்பக்கம் திறக்கிற கதவை உடம்பே அடைத்துக்கொள்ளும், வெளியே நிற்கிறவர் தள்ளவும் முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருகினால் திறக்கிற மாதிரி கிடைக்கிறது. வீல்சேர் முழுதாகத் திரும்ப ஐந்தடி வட்டம் காலியாக இருக்க வேண்டும், அதற்குப் பக்கத்து அலமாரியில் ஒரு அடியைப் பிடுங்கினால் போதும், எனக்கு அவ்வளவு புடவை இல்லை. பாத்ரூம் தளத்தை இப்போதே கொஞ்சம் இறக்கிப் போட்டால் ரூமும் பாத்ரூமும் ஒரே மட்டமாக வரும், தண்ணீரை ஓரமாக நீளச் சல்லடை வைத்து இழுத்துக்கொள்ளலாம். டைல்ஸ் கடையில் பளபளப்பைக் காட்டுவார்கள், நீ வழுக்காத தரம் ஆர் 11 என்று கேள், ஈரத்தில் பிடிமானம் இருக்கும். கமோடு உட்காரும் உயரம் 18, 19 அங்குலம்.

கைப்பிடிக் கம்பி விஷயத்தை மட்டும் என்ஜினியரிடம் நீயே பேசு. ஏஏசி பிளாக் சுவர் என்கிறார். அது லேசான கல், முழு உடம்புப் பாரத்தோடு கம்பியைப் பிடித்து எழுந்தால் சாதாரண ஸ்க்ரூ சுவரோடு பெயர்ந்து வந்துவிடும். கம்பி வரப்போகிற இடத்தில் மட்டும் செங்கலோ கான்கிரீட்டோ வைத்துக் கட்டச் சொல். கம்பியைப் பத்து வருடம் கழித்துக்கூட மாட்டிக்கொள்ளலாம். பூச்சு வேலைக்கு முன்னால் எல்லாச் சுவரையும் டேப் பிடித்துப் போட்டோ எடுத்து வை, பைப்பும் வயரும் எங்கே போகிறது என்பதற்கும் சேர்த்து.

இதையெல்லாம் சொன்னால் என்ஜினியர் ‘வீட்டுக்கு எதுக்கும்மா, இது ஆஸ்பத்திரிக்குத்தான்’ என்கிறார். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், அவர்கள் புழங்கக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று 2021-ல் மத்திய அரசு போட்ட வழிகாட்டியும் முக்கியமாகப் பொதுக் கட்டடங்களைத்தான் பேசுகின்றன, வாஸ்தவம். வீட்டில் யாரும் கேட்பதில்லை என்பதால்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

வாசல் இன்னொரு தலைவலி. ரோடு போடும்போதெல்லாம் மேலே மேலே ஏற்றிக்கொண்டே போகிறார்களே என்று அடித்தளத்தை மூன்றடி தூக்கியிருக்கிறாய். ஒரு அடி ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும், அப்படியானால் 36 அடி! கார் ஏறுகிற சரிவில் வீல்சேரைத் தள்ளிப் பார், தெரியும். பக்கவாட்டில் காலி விட்ட இடத்தில் ஒரு பாதி, நடுவில் ஐந்தடி சமதளம், திரும்பி இன்னொரு பாதி என்று மடித்துப் போடலாம். நிலைப்படி இல்லாமல் எப்படி மஞ்சள் பூசுவது என்று உன் அத்தை ஒரு மணி நேரம் சண்டை. மரத்தைத் தரையோடு புதைத்து அரை அங்குலம் சரிவாக இழைத்துவிடலாம், மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் அது போதும் என்று நான் முடித்துவிட்டேன்.

வயரிங்கில் மூன்று விஷயம் பார்த்துக்கொள். எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வயர் போகட்டும், பெட்டியும் ஆழமாக இருக்கட்டும், ஸ்மார்ட் சுவிட்சுகள் பெரும்பாலும் அதைக் கேட்கும். சுவிட்ச் மூன்றரை அடி உயரத்திலும் பிளக் பாயிண்ட் ஒன்றரை அடியிலும் வரட்டும், எனக்குக் குனிய முடியாது. நெட் பெட்டி இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும், கரண்டு போனால் அதுவும் போய்விட்டால் உன் விளக்கு யார் பேச்சைக் கேட்கும்? எதுவாக இருந்தாலும் சுவரில் கையால் தட்டுகிற சுவிட்ச் வேண்டும், வேலைக்கு வருகிற அக்காவிடம் நான் போனில் ஆப் எல்லாம் காட்டிக்கொண்டிருக்க முடியாது.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, கால் வைத்தால் தானாக எரிகிற சின்ன விளக்கு. டேங்க் நிரம்பினால் மோட்டாரை நிறுத்துகிற கருவி, அப்பா மாடிப்படி ஏறுவது நிற்கும். கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி, அதை ஓரடி உயரத்தில் மாட்டச் சொல், சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடுதான் பரவும். பாத்ரூமில் ஒரு அழைப்பு மணி, கயிறு தரை வரை தொங்கட்டும், விழுந்து கிடக்கிறவருக்கு எட்ட வேண்டுமே. கைரேகைப் பூட்டு வாங்கினால் சாவியும் உள்ளதாக வாங்கு, ரேஷன் கடையிலேயே எனக்கு ரேகை பதியாமல் படும் பாடு போதும். உன் சித்தி மகன் எலெக்ட்ரீஷியன் அல்லவா, இந்த ஸ்மார்ட் சாமான்களுக்கெல்லாம் 2022-ல் மேட்டர் என்று ஒரு பொது முறை வந்திருக்கிறது, அந்த முத்திரை பார்த்து வாங்கினால் ஒரே கம்பெனியோடு கட்டிப்போட மாட்டார்கள் என்கிறான். ஹாலில் கேமரா கிடையாது. நான் எப்போது தூங்குகிறேன் என்று துபாயிலிருந்து யாரும் பார்க்க வேண்டாம், போன் போட்டால் சொல்கிறேன்.

மாடியில் அலமாரியும் கீழே அலமாரியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தடிக்கு ஐந்தடி வரட்டும், பின்னால் லிஃப்ட் வேண்டுமென்றால் நடுவில் உள்ள ஸ்லாபை மட்டும் இடித்து வழி செய்துகொள்ளலாம். இதை ஸ்லாப் போடுகிறவரிடமும் இப்போதே சொல்லிவை.

மேஸ்திரி வெள்ளிக்கிழமை நிலை வைக்க நாள் பார்த்திருக்கிறார், அதற்குள் கதவு அளவுகளைத் திருத்தி அனுப்பு. கிச்சன் மேடை உயரத்தை மருமகளிடம் கேட்டுக்கொள், நீயும் சமைப்பதாகச் சொன்னாய், உன் உயரத்துக்கும் ஒரு அளவு எடுத்து எழுது.

அம்மா