உழவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பாசனத்துக்கு டீசலை நம்பியிருப்பதை இயன்றவரை குறைப்பது என்று சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் தீர்மானித்தோம். உறுப்பினர்கள் சிலர் சோலார் பம்புக்கு மாறியதால் டீசல் குறைந்தது. கூடவே கிணற்று நீர்மட்டமும் குறைந்தது. முதல் செய்திக்குக் கைதட்டிவிட்டு இரண்டாவதை மறைப்பது செயலாளருக்கு அழகல்ல என்பதால், அதையே விரிவாகச் சொல்கிறேன்.

சோலார் பம்ப் பொருத்திய உறுப்பினர்களிடமிருந்து முதலில் வந்த புகார், மேகம் கவிந்தால் மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்பது. மோட்டார்மேல் குற்றமில்லை. வெளிச்சம் குறைந்தால் அதன் வேகமும் குறையும். மையவிலக்குப் பம்பின், அதாவது சுழலும் சக்கரத்தால் நீரைத் தள்ளும் பம்பின், வேகம் பாதியாகக் குறைந்தால், அது தண்ணீரைத் தூக்கும் உயரம் கால் பங்காகிவிடும். முழு வேகத்தில் 40 மீட்டர் தூக்குவது, பாதி வேகத்தில் 10 மீட்டரோடு நின்றுவிடும். நீர்மட்டம் மேலே உள்ளவருக்கு மங்கலான வெளிச்சத்திலும் ஏதோ கிடைக்கும்; ஆழத்தில் உள்ளவருக்குச் சொட்டுக்கூட வராது. பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கிய குதிரைத்திறனையே தாமும் வாங்கியவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். கிணற்றின் நீர்மட்டத்தை, அதுவும் வறண்ட காலத்து நீர்மட்டத்தை, அளந்த பிறகே பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெயிலை மின்சாரமாக்கும் சோலார் தகடுகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, 25 டிகிரி வெப்பத்தில் சோதித்துக் கண்டது. வெயிலில் கிடக்கும் தகடு 65 டிகிரிவரை சுடலாம். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் மின்சாரம் குறையும். உச்சிவெயிலில் பம்ப் தளர்வதைக் கண்டு விற்பனையாளரைத் திட்டியவர்கள் இதைக் கவனிக்கவும். தகட்டுக்கு அடியில் காற்று ஓட இடம் விட்டால் சூடு கொஞ்சம் தணியும். நிழல் இன்னும் மோசமானது. தகட்டிலுள்ள சிறு சூரிய மின்கலங்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பதால், ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே தகட்டின் பெரும்பகுதி முடங்கிவிடும். மரத்தை வெட்டிவிடலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். தகட்டை நகர்த்துங்கள் என்று செயற்குழு ஒருமனதாகச் சொன்னது. இந்த ஆண்டு நாம் ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

இனி கிணறு. டீசல் என்ஜின் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் கையிலிருந்து காசு கரைந்தது. அந்த வலியே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. சோலார் பம்புக்கு அந்த வலி இல்லை. காலையில் தானாக ஓடத் தொடங்கி மாலைவரை ஓடியது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. நனைந்த பாத்தி மேலும் நனைந்தது. நீர்மட்டம் இறங்கினால் சோலாரின் லாபமும் கூடவே இறங்கும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு யூனிட் மின்சாரம் 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 36,700 லிட்டரைத் தூக்கும். நீர்மட்டம் 40 மீட்டருக்குப் போனால் அதே யூனிட்டுக்கு 9,200 லிட்டர்தான். நடைமுறையில் பம்பிலும் குழாயிலும் ஏற்படும் இழப்பு போக, இன்னும் குறைவாகவே கிடைக்கும்.

ஆகவே தொட்டி கட்டும்படி வலியுறுத்தினோம். பகலில் ஏற்றிய தண்ணீரை மாலையிலோ விடியற்காலையிலோ பாய்ச்சலாம். பம்புக்கென்று பேட்டரி வாங்கிப் பராமரிக்கும் தொல்லை இல்லை. தொட்டி நிரம்பியதும் பம்ப் நிற்க மிதவை சுவிட்சு, கிணறு வற்றினால் நிற்க மற்றொரு காப்பு, இரண்டும் அவசியம். என் தோட்டத்தில் நடந்த தவறையும் பதிவு செய்கிறேன். 3 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து நேரடியாகச் சொட்டுநீர்க் குழாய்க்கு இணைப்புக் கொடுத்தேன். அந்த உயரம் தரும் அழுத்தம் ஏறக்குறைய 0.3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). நான் வாங்கியிருந்த சொட்டுவான்களுக்கு, அதாவது குழாயிலிருந்து நீரைச் சொட்டவிடும் துளைக்கருவிகளுக்கு, 1 பார் தேவை. வரிசையின் கடைசிச் செடிகள் வாடிய பிறகே எனக்கு உறைத்தது. குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த சொட்டுவான்களாக மாற்றிய பின் சரியாயிற்று.

விளைபொருளைக் காயவைக்கும் சோலார் உலர்த்தி நன்றாகப் பயன்பட்டது. தூசியும் ஈயும் அண்டவில்லை. பூச்சிகளை வெளிச்சத்தால் ஈர்த்துப் பிடிக்கும் விளக்குப் பொறியைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. விடிய விடிய எரியவிட்டால் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்தே சாகின்றன. அந்தி சாய்ந்து சில மணி நேரத்தில் அணைத்துவிடுவது நல்லது.

குறைகளில் முதன்மையானது செயலாளருடையது. கிணற்று மட்டத்தை மாதந்தோறும் குறித்துவைக்க ஒரு பதிவேடு தொடங்கினோம்; பாதியில் விட்டுவிட்டோம். வரும் ஆண்டில் அதை மீண்டும் தொடங்கவும், பம்ப் ஓடும் நேரத்துக்கு உறுப்பினர்களே கூடிப் பேசி ஒரு வரம்பு வகுக்கவும் இப்பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்