மே மாதம் மட்டும்தான் ஏற்காடா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விழா வந்தால் ஏற்காட்டின் மலர்ச் சிற்பங்களும் படகுச் சவாரியும் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வருகின்றன. பந்தலைப் பிரித்த மறுநாளே மலை செய்தியிலிருந்து இறங்கிவிடுகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோதுதான், இங்கே குடியிருப்பவர்களும் உண்டு என்பது பலருக்கு நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து பாருங்கள். கொண்டை ஊசி வளைவிலேயே காரை நிறுத்திவிட்டுக் குரங்குக்குத் தீனி போட்டுப் படம் எடுக்கிறார்கள். பின்னால் பஸ் திரும்ப முடியாமல் நிற்கிறது. கண்டக்டர் இறங்கிக் கெஞ்சுகிறார். (குரங்கு ஒதுங்கிவிடும், கார்க்காரர் ஒதுங்கமாட்டார்.) அவர்கள் வீசிய பிளாஸ்டிக் டம்ளர்கள் சாலையோர வடிகாலை அடைக்கின்றன. மழைநீர் வழி தேடிச் சாலைமேல் ஓடி, ஓரத்து மண்ணை அரிக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக் கடந்த 2019 ஜனவரி முதல் தடை! அடிவாரத்தில் வண்டிகளைச் சோதிக்கட்டும். ஐப்பசிக்கு முன் வடிகாலைத் தூர்வாரட்டும்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். மழைக்காலத்தில் அதன் பக்கத்திலேயே, மலைப்பாதை திறந்திருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி போடலாமே?

– ஏற்காடு வாசகர்